விட்டுக்கொடுத்தவர்கள்

ஜாவா மொழியில் தூங்குவதற்கு மூன்று சொற்கள் உண்டு. தம்பி தூங்கினால் ‘துரு’. பெரியவர் முன்னால் நின்று ‘நான் தூங்கினேன்’ என்று அடக்கமாகச் சொல்வதானால் ‘திலெம்’. அந்தப் பெரியவரே தூங்கினால் ‘சாரே’. சாப்பிடுவதற்கும் இப்படித்தான், கொடுப்பதற்கும் இப்படித்தான். தமிழில் ‘நீ’யை ‘நீங்கள்’ ஆக்கினால் வினையின் வால் மட்டும் மாறும். தூக்கம் தூக்கமாகவே இருக்கும். ஜாவா மொழியில் சொல்லே வேறாகிவிடும். எதிரே இருப்பவர் எந்தப் படியில் நிற்கிறார், தான் எந்தப் படியில் நிற்கிறோம் என்று வாயைத் திறப்பதற்கு முன்பே கணித்தாக வேண்டும். கீழ்ப்படி மொழிக்கு ‘ஙோக்கோ’ என்று பெயர். மேல்படி மொழி ‘கிரமா’. நமக்குத் தெரிந்த ‘கிரமம்’தான் அது.

டச்சுக்காரர்கள் ஆண்ட கிழக்கிந்தியத் தீவுகளில், அதாவது இன்றைய இந்தோனேசியாவில், மிகப் பெரிய மொழி இதுவே. 1930ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறத்தாழ 47 சதவீதம் பேர் ஜாவானியர். மஜபாஹித், மாதாராம் போன்ற பேரரசுகளின் நினைவு அவர்களிடம் இருந்தது. ராமாயணத்தைப் பழைய ஜாவா மொழியில் காவியமாக்கியவர்கள் அவர்கள். விடிய விடிய நடக்கும் வயாங் நிழற்கூத்து அவர்களுடையது. சொந்த எழுத்தும் இருந்தது. ஒரு நாட்டுக்குப் பொது மொழி தேவைப்பட்டால், எங்கள் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்கு இதைவிட என்ன தகுதி வேண்டும்? அவர்கள் கேட்கவில்லை. அந்த ஒரு மௌனத்தைப் பற்றியும், நாற்பது ஆண்டுகள் கழித்து அதே நாடு தன் சிறுபான்மை ஒன்றிடம் கேட்ட ஒரு காணிக்கையைப் பற்றியும் எழுத நினைக்கிறேன். ஆசியாவில் தேசமும் பண்பாடும் ஒரு மனிதனின் அடையாளத்தை எப்படி ஆக்குகின்றன, எப்படி அழிக்கின்றன என்பதற்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

*

1928 அக்டோபர் 28. இன்று ஜகார்த்தா என்று அழைக்கப்படும் பத்தாவியா நகரம். கிராமட் ராயா தெருவில் 106ஆம் எண் வீடு. வெளியூர் மாணவர்கள் தங்கிப் படித்த விடுதி அது. இரண்டாம் இளைஞர் மாநாட்டின் கடைசி அமர்வு அங்கேதான் நடந்தது. ஜாவா, சுமத்ரா, அம்போன், சுலாவெசி என்று ஒவ்வொரு தீவின் பெயரிலும் தனித்தனியாகச் சங்கம் வைத்திருந்த படித்த இளைஞர்கள் கூடியிருந்தார்கள். டச்சுக் காவல்துறையின் கண்காணிப்பு இருந்தது. வாகே ருடால்ஃப் சுப்ரத்மான் என்ற இளைஞர், தான் இயற்றிய பாட்டை வயலினில் மட்டும் வாசித்தார். சொற்களோடு பாடினால் கூட்டத்தைக் கலைத்துவிடுவார்கள் என்ற அச்சம். ‘இந்தோனேசியா ராயா’ என்ற அந்தப் பாட்டுதான் பிறகு நாட்டுப் பண் ஆயிற்று. நாடு பிறப்பதற்குப் பதினேழு ஆண்டுகளுக்கு முன்பே அதன் பண் சொற்கள் இல்லாமல் ஒலித்துவிட்டது.

அன்று அவர்கள் ஏற்ற உறுதிமொழி மூன்று வாக்கியங்கள் கொண்டது. முதலாவது தாய்நாட்டைப் பற்றியது. தாய்நாட்டுக்கு அவர்கள் மொழியில் ‘தானா ஆயெர்’ என்று சொல். பிரித்தால் மண், தண்ணீர். கடலும் தீவுகளுமாகச் சிதறிக் கிடக்கும் ஒரு நிலத்தின் மக்கள் தாய்நாட்டுக்கு வேறென்ன சொல் வைத்திருக்க முடியும்! இரண்டாவது ‘பங்சா’வைப் பற்றியது. தேசிய இனம் என்று பொருள்படும் இந்தச் சொல் ‘வம்சம்’ கடல் கடந்து போனது. மூன்றாவது ‘பஹாசா’வைப் பற்றியது, பாஷை. முதல் இரண்டிலும் ‘ஒன்றே’ என்ற சொல் இருக்கிறது. ஒரே தாய்நாடு, ஒரே இனம். மூன்றாவதில் அந்தச் சொல் இல்லை. எங்களுக்கு ஒரே மொழி என்று அவர்கள் சொல்லவில்லை. ஒற்றுமைக்கான மொழியாக இந்தோனேசிய மொழியை உயர்த்திப் பிடிக்கிறோம் என்று மட்டும் சொன்னார்கள். வீட்டு மொழிக்கு அதில் இடம் விட்டிருந்தார்கள். ஒரு சொல்லைச் சேர்க்காமல் விட்டதில் எத்தனை கவனம் இருந்தது என்பதை, அதைச் சேர்த்து எழுதிய மற்ற நாடுகளின் கதை தெரிந்தவர்கள் உணர்வார்கள்.

அவர்கள் உயர்த்திப் பிடித்த மொழி மலாய். சுமத்ராவின் கிழக்குக் கரையிலும் ரியாவ் தீவுகளிலும் தாய்மொழியாகவும், துறைமுகம் தோறும் சந்தை மொழியாகவும் இருந்தது. மொத்த மக்கள்தொகையில் அதைத் தாய்மொழியாகப் பேசியவர்கள் மிகச் சிலர். மாநாட்டில் இருந்தவர்களிலேயே பலருக்கு அது சரளமாக வராது. சிலர் டச்சு மொழியில்தான் பேசினார்கள். சித்தி சுந்தாரி என்ற இளம் பெண் அவர்களில் ஒருவர். இரண்டே மாதம் கழித்து யோக்யகர்த்தாவில் பெண்கள் மாநாடு நடந்தபோது அவர் இந்தோனேசிய மொழியில் பேசினார். டச்சிலும் பேசாமல், ஜாவா மொழியிலும் பேசாமல் ஏன் இதில் பேசுகிறேன் என்பதைச் சொல்லிவிட்டே தொடங்கினார். ஜாவானியப் பெண். தன் தாய்மொழியையும் தன்னைப் படிக்கவைத்த மொழியையும் ஒருசேர ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு மாதமாகப் பழகிய மொழியில் மேடை ஏறியிருக்கிறார். மாநாட்டு உறுதிமொழியின் முழு எடையும் அந்த ஒரு பேச்சில் இருக்கிறது.

மலாயைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் ஒன்றை விட்டுக்கொடுத்தார்கள். 1926இல் நடந்த முதல் மாநாட்டில், சுமத்ராவைச் சேர்ந்த முகம்மது யாமின் இதை ‘மலாய் மொழி’ என்றே எழுதியிருந்தார். மதுராவைச் சேர்ந்த தப்ரானி மறுத்தார். இந்தோனேசிய நாடு, இந்தோனேசிய இனம் என்று சொல்லும்போது மொழியையும் இந்தோனேசிய மொழி என்றல்லவா சொல்ல வேண்டும் என்பது அவர் வாதம். 1928இல் அந்தப் பெயரே நிலைத்தது. பெரியவர்கள் தங்கள் மொழியைக் கொடுத்தார்கள். அந்த மொழிக்கு உரியவர்கள் அதன் பெயரைக் கொடுத்தார்கள். இப்படி ஒவ்வொருவரும் எதையோ இறக்கிவைத்த இடத்தில், யாருக்கும் தனி உரிமை இல்லாத ஒன்று எழுந்து நின்றது.

*

இதைப் பெருந்தன்மை என்று மட்டும் சொல்லிவிட்டால் வரலாற்றுக்கு நியாயம் செய்ததாகாது. மலாய் ஏற்கெனவே பல நூற்றாண்டுகளாகத் தீவுகளுக்கு இடையே கப்பலேறித் திரிந்த மொழி. அதில் ‘கெடாய்’ என்றால் கடை. ‘கப்பால்’ கப்பல்தான். ‘பெத்தி’ பெட்டி. ‘மோடால்’ என்றால் முதல், அதாவது வியாபாரத்தில் போடும் முதல். நம் வணிகர்கள் எதை எடுத்துப் போனார்கள் என்பதற்கு இந்தச் சொற்களே ரசீது. டச்சு அரசும் கீழ்நிலை நிர்வாகத்துக்கு மலாயைத்தான் பயன்படுத்தியது. 1917இல் பாலாய் புஸ்தாகா என்ற பதிப்பகத்தை நிறுவி மலாய் நூல்களைப் பரப்பியது. ஆட்சியாளரின் வசதியும் இந்த மொழியை வளர்த்தது.

ஆனாலும் ஜாவானிய இளைஞர்களை இழுத்தது வசதி மட்டும் அல்ல. மலாயில் தூக்கத்துக்கு ‘திதுர்’ என்ற ஒரு சொல் போதும். சந்தையில் சமமாக நின்று பேரம் பேசிய மனிதர்களால் உருவான பேச்சு அது. விடுதலைக்காகக் கூடியவர்கள் ஒருவரையொருவர் எந்தப் படியில் வைத்து விளிப்பது என்று தயங்கிக்கொண்டிருந்தால் இயக்கம் எப்படி நடக்கும்? தங்கள் மொழியை ஒதுக்கிவைத்தபோது, அந்த மொழி தங்கள் முதுகில் ஏற்றியிருந்த படிக்கட்டையும் சேர்த்தே அவர்கள் இறக்கிவைத்தார்கள்.

இழப்பும் இருந்தது. இன்றைய ஜாவானிய இளைஞர்களில் பலருக்குக் கிரமா சரியாகப் பேச வராது. ஜாவா எழுத்து தெருப் பெயர்ப் பலகைகளில் அலங்காரமாக நிற்கிறது. ஆனாலும் வீட்டுக்குள் மொழி சாகவில்லை. 2010 கணக்கெடுப்பில் இந்தோனேசிய மொழியை அன்றாட வீட்டு மொழியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர். ஜாவா மொழியைச் சொன்னவர்கள் அதைவிட அதிகம். பொது மொழி பள்ளியிலும் அலுவலகத்திலும் நிற்கிறது. அடுப்படியில் பழைய மொழியே கேட்கிறது.

இந்தோனேசியா நாடாக எழுந்த அதே காலத்தில் ஆசியாவின் மற்ற இடங்களில் என்ன நடந்தது? 1948 மார்ச்சில் டாக்காவுக்கு வந்த முகம்மது அலி ஜின்னா, உருது மட்டுமே பாகிஸ்தானின் அரசு மொழி என்று அறிவித்தார். அந்த நாட்டில் பாதிக்கு மேற்பட்டோர் வங்காள மொழி பேசியவர்கள். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 1971இல் நாடு இரண்டாயிற்று. 1956இல் இலங்கையில் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. அதன் விலை என்னவென்று நமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உருதுவும் பாகிஸ்தானில் சிலரின் தாய்மொழிதானே, மலாயைப் போல அதுவும் பொது மொழியாகியிருக்கக் கூடாதா என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எத்தனை பேர் பேசுகிறார்கள் என்ற எண்ணிக்கையில் இதற்கு விடை இல்லை. யார் யாரிடம் கேட்டார்கள் என்பதில்தான் இருக்கிறது. பாகிஸ்தானில் அதிகாரம் மேற்கில் இருந்துகொண்டு கிழக்கிடம் கேட்டது. இலங்கையில் பெரும்பான்மை சிறுபான்மையிடம் கேட்டது. இந்தோனேசியாவில் பலம் பொருந்தியவர்கள் முதலில் தங்கள் கையில் இருந்ததைக் கீழே வைத்தார்கள்.

*

இங்கே நிறுத்திவிட்டால் இது அழகான கதை. ஆனால் கிராமட் ராயா 106ஆம் எண் வீட்டின் சொந்தக்காரர் ஒரு சீனர். உறுதிமொழி பிறந்த கூரை அவருடையது. மாநாட்டில் சீன வம்சாவளி இளைஞர்களும் இருந்தார்கள். வயலின் வாசித்த சுப்ரத்மான் செய்தியாளராக வேலை பார்த்தது சீனர்கள் மலாய் மொழியில் நடத்திய ‘சின் போ’ பத்திரிகையில். அந்தப் பாட்டை இசைக் குறிப்போடு 1928 நவம்பரில் அச்சிட்டு வெளியிட்டதும் அதே ‘சின் போ’தான். பல தலைமுறைகளாக ஜாவாவில் பிறந்து வளர்ந்து, சீன மொழியையே மறந்து மலாயைப் பேச்சு மொழியாக்கிக்கொண்ட மக்கள் அவர்கள். இந்தோனேசிய மொழிக்கு ஒரு வாசக உலகம் கிடைத்ததில் அவர்கள் நடத்திய அச்சகங்களுக்கும், அவர்கள் எழுதிய மலாய் நாவல்களுக்கும் பெரிய பங்கு உண்டு. செய்தித்தாளும் நாவலும் சேர்ந்துதான் முகமறியாத மனிதர்களை ஒரே சமூகமாகக் கற்பனை செய்யவைத்தன என்று அரசியல் ஆய்வாளர் பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் ஒரு நூலில் எழுதினார். இந்தோனேசியாவை ஆராய்ந்த அனுபவம் அந்த நூலுக்குள் இருக்கிறது.

1965இல் ராணுவப் புரட்சி முயற்சி ஒன்றின் பெயரால் தொடங்கிய கம்யூனிஸ்ட் வேட்டையில் குறைந்தது ஐந்து லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். ராணுவத் தளபதி சுகார்த்தோ ஆட்சிக்கு வந்தார். 1966 டிசம்பரில் அமைச்சரவைக் குழுமம் 127ஆம் எண் ஆணையை வெளியிட்டது. சீனப் பெயர் வைத்திருக்கும் குடிமக்கள் இந்தோனேசியப் பெயருக்கு மாறுவதை எளிதாக்கும் ஆணை அது. மாறியே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. சீனப் பள்ளிகளை மூடிவிட்டு, சீன எழுத்தைப் பொது இடங்களில் தடைசெய்துவிட்டு, ரத்தம் காயாத ஒரு வருடத்தில் ‘பெயரை மாற்றிக்கொள்வது எளிது’ என்று அரசாங்கம் சொன்னால் அதற்கு ஒரே ஒரு பொருள்தான் இருக்க முடியும். 1967இல் வந்த 14ஆம் எண் ஆணை, சீனர்களின் சமயச் சடங்குகளையும் பண்டிகைகளையும் வீட்டுக்குள் முடக்கியது. அதே ஆண்டு ஒரு சுற்றறிக்கை, அவர்கள் தங்களைக் குறித்துச் சொல்லிவந்த ‘தியோங்ஹோவா’ என்ற சொல்லை நீக்கி, அவர்கள் இழிவாக உணர்ந்த ‘சினா’ என்ற சொல்லை அரசுச் சொல்லாக்கியது.

பெயரை மாற்றிக்கொண்டார்கள். எப்படி மாற்றிக்கொண்டார்கள் என்பதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ‘தான்’ என்பது ஒரு சீனக் குலப்பெயர். அதை உடையவர்களில் ஒருவர் ‘சுதாந்தோ’ ஆனார்; இன்னொருவர் ‘ஹர்தாந்தோ’; வேறொருவர் ‘தானுஜயா’. ‘லிம்’ குலத்தவர் ‘சாலிம்’ என்றும் ‘ஹாலிம்’ என்றும் ஆனார்கள். ‘ஓங்’ என்பது ‘ஓங்கோ’ ஆயிற்று. ‘லீ’ குலத்தில் சிலர் ‘லெஸ்மானா’ ஆனார்கள். அது லட்சுமணன் ஜாவாவில் எடுத்த வடிவம். உரக்கப் படித்துப் பாருங்கள். ஒவ்வொரு புதுப் பெயரின் வயிற்றிலும் பழைய பெயரின் ஓர் அசையோ ஓர் ஒலியோ இருக்கிறது. அலுவலக மேசையில் எழுத்தர் எழுதிக்கொள்வது ஜாவானியப் பெயர். வீட்டில் மூதாதையர் பலகைக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றும்போது காதில் விழுவது குலப்பெயர். நிலத்தையும் கடையையும் விட்டு ஓடுகிறவர்கள் தாலியை மடியில் முடிந்துகொண்டு ஓடுவதுபோல, அவர்கள் தங்கள் குலத்தை ஒரு அசையில் முடிந்துவைத்துக்கொண்டார்கள்.

எல்லோரும் அச்சத்தால் மட்டும் மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். முழுமையாகக் கலந்துவிடுவதே பகைமைக்கு மருந்து என்று மனதார நம்பிய சீனர்களும் இருந்தார்கள். அந்த நம்பிக்கையைக் கேலி செய்ய எனக்கு உரிமை இல்லை. மறுத்தவர்களும் இருந்தார்கள். வழக்கறிஞர் யாப் தியம் ஹியன் தன் பெயரைக் கடைசிவரை மாற்றவில்லை. மனிதனுக்கு உரிமை தருவது சட்டம். அதற்கு முன்நிபந்தனையாக அவன் பெயரைக் கேட்கக் கூடாது என்ற நிலையில் நின்றார். அரசியல் கைதிகளுக்காக நீதிமன்றத்தில் வாதாடி, தானும் சிறைக்குப் போய், 1989இல் இறந்தார். பொருளாதார அறிஞர் குவிக் கியன் கீயும் பெயரை மாற்றாமலே இருந்து 1999இல் அமைச்சரானார்.

*

பெயரைக் கொடுத்தவர்களுக்கு என்ன கிடைத்தது? அவர்கள் குடிமக்கள்தான் என்பதற்கு ‘எஸ்.பி.கே.ஆர்.ஐ.’ என்ற சான்றிதழைப் பள்ளியில் சேரவும் கடவுச்சீட்டு வாங்கவும் காட்ட வேண்டியிருந்தது. தலைமுறை தலைமுறையாக அங்கேயே பிறந்தவர்களிடமும் கேட்டார்கள்.

1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் இந்தோனேசியாவுக்கு முதல் தங்கப் பதக்கத்தை வாங்கித் தந்தவர் பாட்மிண்டன் வீராங்கனை சுசி சுசாந்தி. அதே நாளில் ஆண்கள் பிரிவில் தங்கம் வென்றவர் ஆலன் புடிகுசுமா. ஒரு பெயரில் சாந்தி இருக்கிறது. இன்னொரு பெயரில் புத்தியும் குசுமமும் இருக்கின்றன. இரண்டும் நம் காதுக்குப் பழகிய சொற்கள். இருவரும் சீன வம்சாவளியினர். பதக்க மேடையில் நாட்டுப் பண் ஒலித்தபோது சுசி அழுதார். ‘சின் போ’ அச்சிட்ட அதே பண். அவர்களுக்குப் பின் வந்த ஹெந்திராவான், 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வென்று, 2001இல் உலகச் சாம்பியன் ஆன பிறகும் தன் குடியுரிமைக்காகப் போராட வேண்டியிருந்தது. 2002இல் அதிபர் மேகவதி தலையிட்ட பிறகே அது தீர்ந்தது.

1998 மே மாதம். பொருளாதாரம் சரிந்து சுகார்த்தோவின் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தபோது ஜகார்த்தாவிலும் சோலோவிலும் சீனர்களின் கடைகள் கொளுத்தப்பட்டன. சீனப் பெண்கள் மீது பாலியல் வன்கொடுமைகள் நடந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எரிந்த வணிக வளாகங்களுக்குள் சிக்கிக் கருகிய ஏழைகள் அவர்களில் பெரும்பாலோர். அந்த நாட்களில் கடைக்காரர்கள் தங்கள் ஷட்டர்களில் பெயின்டால் ஒரு சொல்லை எழுதிவைத்தார்கள்: ‘பிரிபூமி’. மண்ணின் மைந்தன் என்று பொருள். அந்தச் சொல் இருந்த கடைகள் பல தப்பித்தன. முப்பது ஆண்டுகளுக்கு முன்பு பெயரை மாற்றிக்கொண்டவர்களுக்கு அந்தப் பெயர் அன்று உதவவில்லை. பெயர்ப் பலகையில் எழுதியிருந்ததைக் கும்பல் படிக்கவில்லை. முகத்தைப் படித்தது.

கேட்டவர்களின் வாக்குறுதி அன்று பொய்த்தது. நீ உன் அடையாளத்தைக் கொடு, உன்னை எங்களில் ஒருவனாக ஏற்கிறோம் என்பதுதானே பேரம்? கொடுத்தாயிற்று. ஏற்கவில்லை. பெரும்பான்மை இப்படிக் கேட்கத் தொடங்கினால் அதற்கு முடிவே கிடையாது. பெயருக்குப் பிறகு மொழி, மொழிக்குப் பிறகு தெய்வம், எல்லாம் கொடுத்து முடித்த பிறகு ரத்தம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி.

அதன் பிறகு அந்த நாடு தன்னைத் திருத்திக்கொள்ளவும் செய்தது என்பதைச் சொல்லாமல் விடக் கூடாது. ‘பிரிபூமி’ என்று பிரித்துச் சொல்வதை அரசு அலுவல்களிலிருந்து நீக்கி அதே 1998இல் அதிபர் ஹபிபி ஆணையிட்டார். 1967ஆம் ஆண்டுத் தடையை 2000 ஜனவரியில் அதிபர் அப்துர்ரஹ்மான் வாஹித் ரத்து செய்தார். அவர் இந்தோனேசியாவின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்பான நஹ்தத்துல் உலமாவின் தலைவராக இருந்த இஸ்லாமிய அறிஞர். மறுபடியும் ஒரு பெரியவர் இறங்கிவந்தார். 2003 முதல் சீனப் புத்தாண்டு அங்கே தேசிய விடுமுறை. ‘தியோங்ஹோவா’ என்ற சொல் 2014இல் அரசு ஆவணங்களுக்குத் திரும்பியது. காயம் முழுவதும் ஆறிவிடவில்லை. ஜகார்த்தாவின் சீன வம்சாவளி ஆளுநர் பசுகி சஹாயா பூர்ணமா, மத நிந்தனை வழக்கில் 2017இல் சிறைக்கு அனுப்பப்பட்டார். கிழக்குத் திமோரையும் மறக்க முடியாது. 1975இல் ராணுவம் நுழைந்து, இந்தோனேசிய மொழியைப் பள்ளிகளில் புகுத்தியது. 1999 வாக்கெடுப்பில் அந்த மக்களில் 78.5 சதவீதம் பேர் பிரிந்துபோக வாக்களித்தார்கள். ஜாவானியர் தாங்களே விரும்பித் தோளில் ஏற்றிக்கொண்ட அதே மொழி, துப்பாக்கியோடு போன இடத்தில் அந்நியமாகவே நின்றது. மொழி ஒன்றுதான்; போன விதம் வேறு.

*

விரும்பி விட்டுக்கொடுத்த மொழி, கேட்டு வாங்கிய பெயர் என்ற இரண்டு கதைகளையும் ஒரே உடலில் தாங்கிய எழுத்தாளர் பிரமுதியா அனந்த தூர். ஜாவாவின் புளோராவில் பிறந்தவர். வாழ்நாள் முழுவதும் இந்தோனேசிய மொழியில் எழுதினார். ஜாவானியச் சமூகத்தின் படிக்கட்டை அவர் அளவுக்கு வெறுத்தவர்கள் குறைவு. சீனச் சிறு வணிகர்களைக் கிராமப்புறங்களிலிருந்து வெளியேற்ற 1959இல் அரசு ஆணை வந்தபோது, சீனர்களுக்காக வாதாடி 1960இல் ஒரு நூல் வெளியிட்டார். அதற்காக முதல் அதிபர் சுகார்னோ காலத்திலேயே சிறை சென்றார். சுகார்த்தோ காலத்தில் விசாரணை இன்றி புரு தீவில் பத்தாண்டுகள். காகிதம் மறுக்கப்பட்ட நாட்களில் சக கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொன்ன கதைதான் 1980இல் ‘பூமி மனுசியா’ என்று நாவலாக வெளிவந்து, மறு ஆண்டே தடைசெய்யப்பட்டது.

அந்த நாவலின் நாயகன் பெயர் மிங்கே. அது அவன் பெற்றோர் வைத்த பெயர் கிடையாது. பள்ளியில் டச்சு ஆசிரியர் அவனைக் குரங்கு என்று திட்டத் தொடங்கி, பாதியில் விழுங்கிக்கொண்ட ஆங்கிலச் சொல்லின் மிச்சம் அது. அந்த வசவே அவனுக்குப் பெயராக ஒட்டிக்கொள்கிறது. அடுத்தடுத்த நாவல்களில் அவன் டச்சு மொழியில் எழுதுவதை விட்டு, தன் மக்களுக்குப் புரியும் மலாய்க்கு வருகிறான். வழியில் அவன் கண்ணைத் திறப்பவர்களில் ஒருவன் சீன இளைஞன். தேசம் உருவான கதையை எழுதப் புகுந்தவர், அதில் பெயர் பறிக்கப்பட்டவனைத் தலைவனாக்கினார். சீனனைத் தோழனாக வைத்தார். நாடு மறக்க விரும்பியதை, காகிதம்கூட இல்லாத ஒரு கைதி நினைவில் வைத்திருந்தார்.

*

சுமத்ராவின் வடக்கே காரோ மலைப்பகுதியில் செம்பிரிங் என்ற குலம் இருக்கிறது. கறுப்பு என்று பொருள் தரும் பெயர். அதன் உட்பிரிவுகள் சிலவற்றின் பெயர்கள்: சோலியா, பாண்டியா, மெலியாலா. சோழரையும் பாண்டியரையும் மலையாளத்தையும் கேட்கத் தவறும் தமிழ்க் காது இருக்காது. அதே தீவின் மேற்குக் கரையில் பாருஸ் என்ற கற்பூரத் துறைமுகத்தில், 1088ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐந்நூற்றுவர் வணிகக் குழுவின் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வந்தவர்கள் தங்கினார்கள், மணம் செய்தார்கள், காரோ மொழி பேசினார்கள், காரோ மக்களாகவே ஆனார்கள். இன்று அவர்களிடம் தமிழ் இல்லை. பெயரில் மட்டும் ஒரு துளி இருக்கிறது. அதற்காக யாரும் அழவும் இல்லை.

ஏன் அழவில்லை? யாரும் கேட்கவில்லை என்பதால். கலப்பு மனித இயல்பு. நூற்றாண்டுகளின் போக்கில், கல்யாணப் பந்தலிலும் சந்தையிலும் மெல்ல மெல்ல நடக்கும் கலப்பில் இழப்பு உண்டு, அவமானம் இல்லை. செம்பிரிங் பாண்டியாவின் பெயரில் இருக்கும் அசையும், சுதாந்தோவின் பெயரில் இருக்கும் அசையும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். ஒன்று தானாகத் தங்கியது. இன்னொன்று ஒளித்துவைக்கப்பட்டது.

பண்பாட்டுப் பெருமையும் தேசப் பற்றும் தீங்கானவை என்று நான் சொல்லவில்லை. அவை இல்லாமல் ஆசியாவின் எந்த நாடும் காலனி ஆட்சியிலிருந்து எழுந்திருக்க முடியாது. ஆனால் ஒரு தேசத்தின் அடையாளம் யோக்கியமானதா என்று அறிய நான் ஒரே ஒரு உரைகல்லை வைத்திருக்கிறேன். அங்கே விட்டுக்கொடுத்தது யார்? பெரியவர் விட்டுக்கொடுத்திருந்தால் அது வீடு. சிறியவரிடம் கேட்டு வாங்கியிருந்தால் அது, எத்தனை கொடிகள் பறந்தாலும், வாடகைக்கு இருக்கச் சொன்ன இடம்தான்.

தமிழர்களாகிய நாம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பழகியவர்கள். டெல்லியிடம் கேட்டிருக்கிறோம், கொழும்பிடம் கேட்டிருக்கிறோம்; கேட்டது சரி. இதே கேள்வியை நம் பக்கம் திருப்பவும் வேண்டும். தமிழ்நாட்டில் நாம்தான் பெரியவர்கள். தோடர், இருளர், நரிக்குறவர் பேசும் மொழிகளுக்கு நம் பள்ளியில் என்ன இடம் கொடுத்திருக்கிறோம்? நம் ஊரில் கட்டடம் கட்டவும் ஓட்டலில் பரிமாறவும் வந்திருக்கும் ஒடிசா, பீகார்ப் பிள்ளைகளை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோம்? அவர்களுக்குத் தாய் வைத்த பெயர் ஒன்று இருக்கிறது. நாளைக் காலையில் அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்தப் பெயரிலேயே கூப்பிடுங்கள்.